லண்டனில் அச்சாகாத நண்டு

லண்டனுக்குப் பல மாதக் கப்பல் தூரத்தில், தென் கடல் தீவொன்றிலிருந்த லான்செஸ்டன் ஊரில் ஒபதியா டிரஸ்காட் மருந்துக்கடை வைத்திருந்தார். இருமலுக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் அவர் கலக்கிக் கொடுக்கும் மருந்தில் ஊருக்கே நம்பிக்கை. அவருக்குத்தான் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. டேமர் நதிக்கரை இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் பதினோரு வருஷமாக உறுப்பினராக இருந்தும் அவர் இன்னும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

கழகத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குத் தெளிவான விதி உண்டு. லண்டனிலிருந்து ஒரு கடிதம்கூட வராதவர்களுக்குக் கடைசி பெஞ்சு. அதில் முதுகு சாய்க்க முடியாது. லண்டன் பேராசிரியர் யாராவது ஒரு தடவை பதில் எழுதியிருந்தால் நடு பெஞ்சு, அதில் சாய்ந்துகொள்ளலாம். உறுப்பினரின் பெயரை ஏதாவது ஓர் உயிருக்கு வைத்து அது லண்டனில் அச்சாகியிருந்தால், முன்வரிசையில் சிவப்பு மெத்தை போட்ட நாற்காலி. அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் கர்னல் ஸ்டக்லியின் பெயரில் ஒரு பாசி இருந்தது. டாக்டர் ஹேசல்டைனின் பெயரில் மூன்று உயிர்கள்: கங்காரு காதில் ஒட்டும் ஓர் உண்ணி, ஓடில்லாத ஒரு நத்தை, குதிரைச் சாணத்தில் முளைக்கும் ஒரு காளான்.

டாக்டர் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் சூப் வருவதற்குள் "என் உண்ணி" என்று ஆரம்பித்துவிடுவார். அப்போதெல்லாம் டிரஸ்காட்டுக்கு நெஞ்சுக்குக் கீழே ஏதோ பிசையும். தன் கடையிலேயே அதற்கு மருந்து எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தார். கேட்கவில்லை.

லண்டன் கடிதம் வந்த மாதங்களில் கழகத்தில் விசேஷக் கூட்டம் நடக்கும். எல்லோரும் எழுந்து நிற்க, கர்னல் கடிதத்தை மூன்று முறை வாசிப்பார். முதல் முறை விஷயத்துக்காக, இரண்டாவது முறை நடைக்காக, மூன்றாவது முறை கையெழுத்துக்காக. பிறகு உறை மட்டும் கைமாறும். கடைசி பெஞ்சுக்காரர்கள் அதை முகர்ந்து பார்க்கலாம், தொடக் கூடாது.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு வாரம் விடாமல் மழை பெய்து ஓய்ந்த காலையில், டிரஸ்காட்டின் மனைவி திர்சா பின்முற்றத்திலிருந்து கத்தினாள்.

"இங்க வந்து பாருங்க! துணி காயப்போடற கம்பம் மறுபடியும் சாஞ்சு கிடக்கு. போர்வை பூரா சேறு. எல்லாம் இந்தச் சனியன் தோண்டற தோண்டல்."

டிரஸ்காட் போய்ப் பார்த்தார். ஈர மண்ணில் ஐந்தாறு இடங்களில் சேற்று உருண்டைகளை அடுக்கிய சின்னச் சின்னக் கூம்புகள் நின்றன. ஒரு கூம்பின் உச்சி ஓட்டை வழியாக, இறாலுக்கு நண்டின் கைகள் முளைத்தது போன்ற ஓர் உயிர் எட்டிப் பார்த்தது. நல்ல நீல நிறம். திர்சாவைப் பார்த்தது, டிரஸ்காட்டைப் பார்த்தது, பிடிக்காமல் உள்ளே போய்விட்டது.

டிரஸ்காட் சேற்றில் மண்டியிட்டு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். இப்படி ஒன்றைப் பற்றிக் கழகத்தின் எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை.

"இது எத்தனை நாளா இங்க இருக்கு?"

"நாம குடிவந்ததிலேருந்து. பதினஞ்சு வருஷமாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"வருஷத்துக்கு நாலு தடவை சொன்னேன். நீங்க டாக்டரோட உண்ணியைப் பத்திப் பொலம்பிக்கிட்டிருந்தீங்க."

அடுத்த கூட்டத்தில் டிரஸ்காட் எழுந்து, தன் முற்றத்தில் இதுவரை யாரும் கண்டிராத ஒரு நண்டு இருப்பதாக அறிவித்தார்.

கர்னல் ஸ்டக்லி தொண்டையைச் செருமினார். "நண்பர் டிரஸ்காட் ஒரு வார்த்தை சொன்னார், 'இருக்கு'ன்னு. அந்த வார்த்தையை நான் வன்மையா ஆட்சேபிக்கிறேன். உயிர்களைப் படைக்கிறது கடவுள். ஒத்துக்கறேன். ஆனா அதெல்லாம் இருக்கா இல்லையான்னு தீர்மானம் பண்றது லண்டன். அச்சாகற வரைக்கும் அது உங்க முற்றத்துல இல்லை. இல்லாத நண்டு உங்க வீட்டுக் கம்பத்தைச் சாய்ச்சிருந்தா, அதுக்குக் கழகம் பொறுப்பில்லை."

நடு பெஞ்சு கைதட்டியது.

லண்டனுக்கு மாதிரி அனுப்ப வேண்டுமானால், அதை உயிரோடு பார்த்ததாக இன்னோர் உறுப்பினர் கையெழுத்திட வேண்டும் என்பது பதினான்காம் விதி. சனிக்கிழமை காலை ஐந்து பேர் கொண்ட குழு டிரஸ்காட்டின் முற்றத்துக்கு வந்தது. டாக்டர் ஹேசல்டைனும் வந்தார். திர்சா தேநீரும் சீரக ரொட்டியும் கொடுத்தாள். எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு ஐந்து பேரும் சேற்றில் வரிசையாக நின்றார்கள். நின்று, ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை.

டிரஸ்காட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதோ, இந்தக் கூம்புக்குள்ளதான். கொஞ்சம் குனிஞ்சா தெரியும்."

"அருமையான வானம்," என்றார் டாக்டர் ஹேசல்டைன், மேலே பார்த்தபடி.

கர்னல் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியை ரசித்தார். மற்ற மூவரும் ஒருவர் தொப்பியை ஒருவர் பார்த்தார்கள். பதினைந்தாம் விதி டிரஸ்காட்டுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது: சாட்சியாகப் பார்த்தவர் அந்த உயிரைக் கண்டுபிடித்தவராக எந்நாளும் உரிமை கோர முடியாது. இன்று பார்க்காமல் போனால் நாளை கண்டுபிடிக்கலாம்.

அப்போது நண்டு தானாகவே வெளியே வந்தது. நிதானமாக நடந்து கர்னலின் இடது பூட்ஸின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"கர்னல், உங்க பூட்ஸ் மேல!" என்று டிரஸ்காட் கூவினார்.

"ஏதோ ஒண்ணு ஏறியிருக்குன்னு தெரியுது," என்றார் கர்னல், புகைபோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது என்னன்னு சொல்ற அதிகாரம் எனக்கில்லை."

திர்சா கரண்டியோடு வந்து, நண்டை மெதுவாக அதில் தள்ளி எடுத்து, கூம்பின் பக்கத்தில் விட்டாள். "பார்க்காம போறதுக்கா அஞ்சு பேரு வந்தீங்க? அதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே," என்றாள். குழு அதைக் குறிப்பேட்டில் பதியவில்லை.

மறுநாள் விடிந்ததும் வேலிக்குப் பின்னாலிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. டிரஸ்காட் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தார். பின்பக்கத்துக் காலி மனையில் டாக்டர் ஹேசல்டைன் முழங்கால் சேற்றில் நின்று தோண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர், இந்நேரத்துல?"

"உடம்புக்கு நல்லது," என்றார் டாக்டர். கையிலிருந்த ஜாடியைத் தொப்பியால் மூடினார். "எல்லா நோயாளிக்கும் இதைத்தான் சொல்றேன். நாமளும் செய்யணுமில்லையா."

டிரஸ்காட் உள்ளே ஓடிப்போய்த் தன் மண்வெட்டியை எடுத்துவந்தார். வேலிக்கு இந்தப்பக்கம் அவரும் அந்தப்பக்கம் டாக்டருமாக இரண்டு நாள் தோண்டினார்கள். இடையிடையே ஒருவருக்கொருவர் வானிலை பற்றி மரியாதையாக விசாரித்துக்கொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு வழியும் அப்படியே பிறந்தது. டிரஸ்காட்டின் நண்டைப் பார்த்ததாக டாக்டரும், டாக்டரின் நண்டைப் பார்த்ததாக டிரஸ்காட்டும், கண்ணை இறுக மூடிக்கொண்டு கையெழுத்திட்டார்கள்.

அதே வாரம் லண்டன் கப்பல் புறப்பட்டது. டிரஸ்காட் தன் கடையிலிருந்த நல்ல சாராயத்தை ஜாடியில் ஊற்றி நண்டை அதில் இட்டார். திர்சா வைக்கோல் வைத்துப் பெட்டியைக் கட்டினாள்.

"அந்தப் பேராசிரியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்களேன், இதை முற்றத்துலேருந்து எப்படித் துரத்தறதுன்னு."

டிரஸ்காட் பதறினார். "அறிவியல்கிட்ட போய்க் கேக்கற கேள்வியா அது? என் பேரு கெட்டுப்போகும்."

"உங்க பேருதான் இன்னும் ஒண்ணுலயும் இல்லையே," என்று திர்சா முடிச்சை இறுக்கினாள்.

ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது. லண்டனில் பேராசிரியர் பில்லிங்டன் என்பவர் தம் கையாலேயே எழுதியிருந்தார்:

'தென் கடல்களிலேயே என் மதிப்புக்குரிய நண்பரே, தங்களைப் போன்ற சேகரிப்பாளர் எனக்கு வேறொருவர் இல்லை. ஜாடி வந்து சேர்ந்தது. ஆனால் வழியில் மாலுமிகள் சாராயத்தைக் குடித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பதைப் பசை என்றுதான் வர்ணிக்க முடிகிறது. ஆண், பெண், குஞ்சு என எல்லா வயதிலுமாக இன்னும் அறுபது அனுப்பி உதவுக.'

கடிதம் மூன்று முறை வாசிக்கப்பட்டது. எல்லோரும் நின்றார்கள். பன்னிரண்டாம் வருஷத்தில் ஒபதியா டிரஸ்காட் நடு பெஞ்சுக்கு நடந்து போய் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். அந்தச் சுகம் ஏழு நிமிஷம் நீடித்தது. பிறகு கர்னல் இன்னொரு உறையை எடுத்தார். டாக்டர் ஹேசல்டைனுக்கு வந்தது.

'தென் கடல்களிலேயே என் மதிப்புக்குரிய நண்பரே, தங்களைப் போன்ற சேகரிப்பாளர் எனக்கு வேறொருவர் இல்லை...'

பசை வரைக்கும், அறுபது வரைக்கும் எழுத்துக்கு எழுத்து அதுவேதான். கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

கர்னல் மேஜையைத் தட்டினார். "இதுல சிரிக்க என்ன இருக்கு? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கார்னா, அவர் நிலையான மனுஷர்னு அர்த்தம். எனக்கு என் பாசிக்கு வந்த கடிதமும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அதை நான் இருபது வருஷமா கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கேன்." சொல்லி முடித்ததும் கர்னலின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

டிரஸ்காட் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தார். டாக்டரின் கடிதத்தில் 'வேறொருவர்' என்ற சொல்லின் கீழே ஒரு கோடு இருந்தது. தன்னுடையதில் இல்லை. அது வேண்டுமென்றே போட்ட கோடா, பேனா வழுக்கியதா என்று ஒரு மாதம் யோசித்தார். அந்த மாதத்தில் இருமலுக்கு வந்த மூன்று பேருக்கு விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினார். மூவரும் இருமப் பயந்து வீட்டிலேயே இருந்தார்கள். குணமாகிவிட்டதாக ஊர் பேசிக்கொண்டது.

அவர் அறுபது நண்டு பிடித்தார். டாக்டர் அறுபத்தொன்று பிடித்ததாகத் தெரிந்ததும் மேலும் நான்கு பிடித்தார். டாக்டர் எழுபதுக்குப் போனார். வேலியின் இரண்டு பக்கமும் உழுத வயல் மாதிரி ஆயிற்று. கூம்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

ஒரு காலை டிரஸ்காட் மண்வெட்டியோடு வந்தபோது, முற்றத்தின் மூலையில் துணி துவைக்கும் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் திர்சா உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு. அந்த இடம் இன்னும் தோண்டலே."

"எழுந்திரிக்க மாட்டேன்."

"நீதானே இதைத் துரத்தணும்னே?"

"துரத்தணும்னேன். இப்படிப் பூண்டோட அழிக்கச் சொல்லலே. இதுக்கு அடியில ஒருத்தி முட்டையோட இருக்கா. எத்தனை தடவை கம்பத்தைச் சாய்ச்சாலும் சரி, அவ இங்கதான் இருப்பா. உங்களுக்கு வேணும்னா டாக்டரோட போய் உண்ணி பொறுக்குங்க."

அந்த ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் கப்பலேறிப் போயின.

மறு வருஷம் கோடையில் லண்டன் சங்கத்தின் வெளியீடு வந்தது. அன்றைக்குக் கழகத்தில் இடமில்லை. ஜன்னலிலும் ஆட்கள் நின்றார்கள். டிரஸ்காட் தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டு வந்திருந்தார். டாக்டர் ஹேசல்டைன் நாற்காலி மெத்தையைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். கர்னல் பக்கங்களைப் பிரித்து, நீல நண்டின் படத்தைக் காட்டி, அதன் கீழிருந்த லத்தீன் பெயரை வாசித்தார். பாதியில் நிறுத்தினார். மறுபடியும் வாசித்தார். அதில் டிரஸ்காட்டும் இல்லை, ஹேசல்டைனும் இல்லை. திர்சா இருந்தாள்.

கீழே பேராசிரியர் எழுதியிருந்தார்: 'இந்த உயிரின் வாழ்க்கையை நாம் அறிவது திருமதி திர்சா டிரஸ்காட்டால். ஒரு பெட்டியின் வைக்கோலுக்குள் அவர் படத்தோடு எழுதி வைத்திருந்த எட்டுப் பக்கக் குறிப்பை அப்படியே வெளியிடுகிறோம். பதினைந்து வருஷம் பார்த்தவர் எழுதிய இதற்கு ஈடாக ஒன்றை நான் படித்ததில்லை. அந்த ஊரிலிருந்து வேறு இருவர் அனுப்பிய ஜாடிகளில் இம்முறையும் சாராயம் இல்லை, அவை பயன்படவில்லை.'

எட்டுப் பக்கத்தையும் கர்னல் வாசிக்க வேண்டியதாயிற்று. எந்த மாதம் முட்டை வரும், மழைக்கு எத்தனை நாள் முன்னால் கூம்பு உயரும், தாய் குஞ்சுகளோடு ஒரே குழியில் எவ்வளவு காலம் இருக்கும், எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி: 'தயவுசெய்து இதைத் துரத்த ஒரு வழி சொல்லவும்.'

டாக்டர் ஹேசல்டைனின் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது, டிரஸ்காட்டின் பெயர் இல்லையே என்று. அடுத்த கணம் அணைந்தது.

இப்போது கழகத்துக்கு ஒரு சிக்கல். பெயர் அச்சானவருக்கு முன்வரிசை நாற்காலி என்று விதி இருந்தது. பெண்கள் அறைக்குள் வரக் கூடாது என்றும் விதி இருந்தது. மூன்று மணி நேரம் விவாதித்து முடிவெடுத்தார்கள்: மூன்றாவதாக ஒரு சிவப்பு மெத்தை நாற்காலி செய்து காலியாகப் போடுவது, உறுப்பினர்கள் உள்ளே வரும்போது அதற்குத் தலைவணங்குவது. டிரஸ்காட்டின் இடம் அந்த நாற்காலிக்கு நேர் பின்னால் அமைந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலேயே நின்றார். திர்சா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லாம எழுதியிருக்கே."

"உங்ககிட்ட கேட்டேன். நீங்க எழுத மாட்டேன்னீங்க. நானே எழுதினேன்."

"எட்டுப் பக்கம்!"

"பதினஞ்சு வருஷத்துக்கு எட்டுப் பக்கம் அதிகமா?" அவர் கையிலிருந்த வெளியீட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "எப்படித் துரத்தறதுன்னு கேட்டேன். பேரு வெச்சு அனுப்பியிருக்காங்க. படிச்சவங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டாங்க போல."

அவர் மூன்று வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆட்டுக்கறி நன்றாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் "உங்க வீட்டம்மா..." என்று ஆரம்பித்தால், உள்ளே எதையோ தேடப் போய்விடுவார். டாக்டர்மேல் பட்ட பொறாமையாவது ஒரு தெரு தள்ளி இருந்தது. இது ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து உப்பை இங்கே தள்ளுங்கள் என்றது.

நான்காவது வாரம் திர்சாவுக்கே ஒரு கடிதம் வந்தது. அவள் வாசித்துவிட்டு அவர் முன்னால் வைத்தாள். அதில் 'தென் கடல்களிலேயே' என்ற வரி இல்லை. பேராசிரியர் நேரடியாகப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். இறந்துபோனால் மட்டும் ஒன்றிரண்டை அனுப்பும்படியும், மாலுமிகளிடமிருந்து அதைக் காப்பாற்றத் தெரிந்த ஆள் யாராவது அங்கே உண்டா என்றும் விசாரித்திருந்தார்.

"யாராவது உண்டா?" என்று திர்சா கேட்டாள்.

டிரஸ்காட் கடிதத்தின் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு கடைக்குப் போனார். கொய்னாப் பட்டையை இடித்து, எட்டிப்பழ விதையைக் கொஞ்சம் தட்டிப் போட்டு, நிலவேம்பைவிடக் கசக்கும் ஒரு கஷாயம் இறக்கிச் சாராயத்தில் கலந்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அன்று முழுக்க அவருக்கு ரொட்டிகூடக் கசந்தது. வருஷக்கணக்கில் முதல் தடவையாக, தான் செய்த வேலையைப் பார்த்து அவருக்கே ஒரு திருப்தி வந்தது.

முற்றத்தில் தானாகச் செத்துக் கிடைத்த இரண்டு நண்டுகளை அதில் இட்டு, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், மாலுமிகள் எல்லோரும் பார்க்க 'விஷம்' என்று எழுதி ஒட்டி, கேப்டனின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வெளியீட்டில் திர்சாவின் கட்டுரை பன்னிரண்டு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி வைத்தால்தான் தெரியும் எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு: 'மாதிரிகள் சேதமில்லாமல் வந்தன. சாராயத்தைக் குடிக்க முடியாதபடி கசப்பாக்கியவர் திரு. ஒ. டிரஸ்கட்.'

அடிக்குறிப்புக்கு எங்கே இடம் என்று விதியில் இல்லை. கழகம் மறுபடி கூடி விவாதித்தது. "மெத்தை கொடுக்க முடியாது, பேர்ல ஓர் எழுத்து குறையுது," என்று கர்னல் தீர்ப்புச் சொன்னார். முன்வரிசைக்கும் நடு பெஞ்சுக்கும் இடையில் ஒரு முக்காலி போடப்பட்டது. கழகத்தின் சரித்திரத்திலேயே ஒரே ஒரு முக்காலி. டிரஸ்காட் அதில் கால் மடக்கி உட்கார்ந்தார். உட்கார வசதியாக இல்லை. ஆனால் அது மாதிரி வேறு யாருக்கும் இல்லை.

மறுநாள் காலை டாக்டர் ஹேசல்டைன் கடைக்கு வந்தார். இருமல் மாத்திரை வேண்டும் என்றார். அவருக்கு இருமல் இல்லை. மாத்திரை டப்பாவை வாங்கி, திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"டிரஸ்காட், என் பேர்ல மூணு உயிர் இருக்கு. தெரியுமில்லையா?"

"தெரியும் டாக்டர்."

"அடிக்குறிப்பு ஒண்ணுகூட இல்லை." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுப் பாருங்களேன். ஜாடி கழுவறதுக்கோ, வைக்கோல் பிடிக்கறதுக்கோ, ஏதாவது ஒரு கைவேலைக்கு ஆள் தேவைப்படும்."

டிரஸ்காட் கல்லாவுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இப்போதைக்குக் காலி இடம் இல்லை டாக்டர்," என்றார். "வேணும்னா எழுத்துமூலமா விண்ணப்பம் கொடுங்க. மூணு தடவை படிச்சுட்டுச் சொல்றோம்."